பழம் பள்ளிவாசல்களும் நம் பிள்ளைகளும்

 

உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் எந்த ஆண்டில் கட்டப்பட்டது? அந்த நிலத்தை வக்பு செய்தவர் யார்? முதன்முதலில் அங்கு பாங்கு சொன்னவரின் சந்ததியினர் இன்றும் ஊரில் இருக்கின்றனரா? இக்கேள்விகளை இன்று மஃரிப் தொழுகைக்குப் பின்னர் உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். விடை வராவிட்டால் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். அதே கேள்விகளை நம்மிடமே கேட்டுக்கொள்வோம். ஐந்து நேரமும் நெற்றி பதிக்கும் இடத்தின் வரலாற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு அல்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. நாமும் பயணம் செய்யாமல் இல்லை. பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் வேன் பிடித்து நுவரெலியாவுக்கும் காலிக்கும் திருகோணமலைக்கும் குடும்பத்தோடு செல்கிறோம். வழியில் ளுஹர் நேரம் வந்ததும் ஏதாவதொரு பள்ளிவாசலில் இறங்கி, வுழூச் செய்து, தொழுது, உடனே புறப்பட்டு விடுகிறோம். அந்தப் பள்ளிவாசலின் தூண் ஒன்றையேனும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கொழும்பு புறக்கோட்டையின் சிவப்புப் பள்ளிவாசலுக்கு வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் நாள்தோறும் வந்து, பாதணி கழற்றி, வியந்து பார்த்துச் செல்கின்றனர். அதே வீதியில் பெருநாள் உடுப்பு வாங்க வரும் நம் பிள்ளைகளோ அதைக் கடந்து போய்விடுகின்றனர்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். சிறப்பான நன்மையை நாடிப் பயணம் மேற்கொள்வதற்குரிய பள்ளிவாசல்கள் மூன்று என்பதை நாம் அறிவோம். நாம் இங்கு சொல்வது அறிவை நாடிச் செல்லும் பயணத்தைப் பற்றி மாத்திரமே. ஸியாரங்கள் குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவ்விவாதத்துள் நாம் நுழையவில்லை. எந்தக் கருத்தை உடையவராயினும் தம் முன்னோர் எங்கே வாழ்ந்தனர், எங்கே தொழுதனர் என்பதை அறிவதில் எவருக்கும் மறுப்பு இருக்க முடியாது.

இரண்டு கற்கள் கூறும் பாடம்

இந்நாட்டில் நம் வரலாற்றைப் பேசும்போது இரண்டு கற்களை மறக்கலாகாது.

முதலாவது, கொழும்பின் பழைய முஸ்லிம் மையவாடியிலிருந்து கிடைத்த மீஸான் கல். அதில் பொறிக்கப்பட்டிருந்தது கூபி எழுத்து. காலித் இப்னு அபூ பகாயா என்பவரின் அடக்கத்தைக் குறித்த அக்கல் ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டுக்கு, அதாவது கி.பி. பத்தாம் நூற்றாண்டுக்கு உரியது. இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டனின் முயற்சியால் அதன் வாசகம் இங்கிலாந்துக்குச் சென்றது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அரபுப் பேராசிரியர் சாமுவேல் லீ அதை வாசித்து மொழிபெயர்க்க, 1827இல் அது அச்சேறியது. போர்த்துக்கேயர் இந்நாட்டில் காலடி வைப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கொழும்பில் ஒரு முஸ்லிம் மரணித்தார், அவருக்கு அரபில் கல் நாட்டும் அளவுக்கு இங்கு மக்கள் இருந்தனர் என்பதற்கு அக்கல் சாட்சியாகும்.

அந்தக் கல்லுக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் கொழும்புத் திசாவை அதை வேறு கற்களுடன் மையவாடியிலிருந்து எடுத்துச் சென்று, தமது வீட்டுக்குப் படிக்கட்டு அமைக்கப் பயன்படுத்தினார் என்று பழைய நூற்குறிப்புகள் கூறுகின்றன. எழுத்தறிந்த ஒருவரின் கண்ணில் அது பட்டிராவிட்டால், காலித் இப்னு அபூ பகாயாவின் பெயர் மனிதரின் பாதங்களுக்கடியில் தேய்ந்தே போயிருக்கும்.

இரண்டாவது, காலியிற் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டு வந்த அக்கல் 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. முஸ்லிம் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். கல்லின் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவரத்து நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் வழியில் இறைவனுக்கும் செலுத்திய காணிக்கைகளைக் கூறுகின்றன. தூர தேசத்திலிருந்து வந்த ஒருவர் இந்நாட்டுக் கரையில் மூன்று சமயத்தாரை எதிர்பார்த்து மூன்று மொழிகளில் எழுதிக் கொண்டு வந்தார் என்பதைச் சிந்தியுங்கள். இக்கல் 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் அதைக் காணலாம். மூன்று பகுதிகளிலும் மிகவும் சிதைந்து போனது பாரசீகப் பகுதியே.

ஒரு கல் வாசற்படியாயிற்று. மற்றொன்று மதகு மூடியாயிற்று. வாசிக்கத் தெரியாதவர் கையில் சாட்சியமும் வெறும் கல்லே. இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

ஏடும் மரபும்

கி.பி. 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, புத்தளக் கரையில் இறங்கி, பாவாத மலைக்குச் சென்று, தென்கரை வழியாகக் கொழும்புக்கு வந்தார். காலியில் கப்பல் தலைவர் இப்றாஹீம் என்பவரின் விருந்தினராக இருந்ததையும், கொழும்பு ஸரன்தீபின் மிகப் பெரிய, அழகிய நகரங்களுள் ஒன்று என்பதையும் அவர் குறித்து வைத்துள்ளார். இது ஏட்டில் உள்ள சான்று.

பேருவளைக்குச் சென்றால் வேறு வகையான சான்றைக் காண்பீர்கள். கடலுள் நீண்டு நிற்கும் பாறை முனையில் வெண்ணிறமாக எழுந்து நிற்கும் கெச்சிமலைப் பள்ளிவாசலும், மருதானைப் பகுதியின் மஸ்ஜிதுல் அப்ராரும் அவ்வூரின் பெருமைகள். மஸ்ஜிதுல் அப்ராரின் தொடக்கம் கி.பி. 920 என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் ஊர் மரபு. இத்தகைய மரபுகளை இகழ்ந்து ஒதுக்கக் கூடாது. அதேவேளை, கல்லில் எழுதப்பட்ட ஆண்டையும் வாய்வழி வந்த ஆண்டையும் ஒன்றாகக் கலந்துவிடவும் கூடாது. "ஊரார் இவ்வாறு கூறுகின்றனர்" என்றும் "கல்வெட்டு இவ்வாறு கூறுகின்றது" என்றும் பிரித்துச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள். அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து ஹதீஸை ஏற்ற சமுதாயம் நாம். நம் ஊர் வரலாற்றிலும் அந்த நேர்மையைக் கைக்கொள்ள வேண்டாமா? ஒரு செய்தியை நாம் மிகைப்படுத்திக் கூற, அது பிழையென்று பிறர் நிறுவினால், நாம் சொல்லும் உண்மையான பத்துச் செய்திகளும் அதனோடு சேர்ந்து மதிப்பிழந்து விடும்.

கட்டடங்களை வாசிப்போம்

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலைச் சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் மக்கள் அழைப்பர். 1908இல் தொடங்கி 1909இல் நிறைவெய்திய கட்டடம் அது. இந்திய முஸ்லிம் வர்த்தகர்கள் பொருளுதவி செய்ய, ஹபீபு லெப்பை ஸாயிபு லெப்பை அதன் அமைப்பை வரைந்தார். கட்டடக்கலையை முறையாகப் பயின்றவர் அல்லர் அவர். வர்த்தகர்கள் காட்டிய இந்தோ-சரசானிக் பாணிக் கட்டடங்களின் சாயலை உள்வாங்கி, சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் சுவர்களையும், மாதுளம் பழத்தை ஒத்த குவிமாடங்களையும், மணிக்கூட்டுக் கோபுரத்தையும் உருவாக்கினார். கடை வைத்துப் பிழைக்க வந்தோர் தம் வருவாயிலிருந்து எழுப்பிய மாளிகை அது. பட்டம் இல்லையே என்று தயங்கி நிற்கும் இளைஞனே, அந்தச் சுவரின் முன் சிறிது நேரம் நின்று பார்!

அங்கிருந்து சற்றுத் தொலைவில் கொம்பனித்தெருவில் வேகந்தைப் பள்ளிவாசல் உள்ளது. 1786இல் அதற்கு நிலம் வழங்கியவர் ஜாவாவைச் சேர்ந்த பந்தான் பாலி. ஒல்லாந்தரால் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து நாடு கடத்தப்பட்டோராகவும் படைவீரராகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்களே இன்றைய மலாய் முஸ்லிம்கள். சோனகர், மலாயர், மேமன், போறா என நம் சமுதாயம் பல கரைகளிலிருந்து வந்து ஒரு கிப்லாவை நோக்கி நிற்கிறது. நம் அண்டை வீட்டு மலாய்க் குடும்பத்தின் வரலாறும் நம் வரலாறே என்பதை அந்தப் பள்ளிவாசல் எடுத்துரைக்கிறது.

காலிக் கோட்டைக்குள், வெளிச்சவீட்டுக்கு எதிரே உள்ள மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலைப் பார்த்தவர்கள் முதலில் திகைப்பர். இரு கோபுரங்களுடன் வெண்ணிறத்தில் நிற்கும் அக்கட்டடம் தொலைவிலிருந்து கிறிஸ்தவ தேவாலயம் போலவே தோன்றும். 1904இல் கட்டப்பட்ட அதன் முகப்பு ஐரோப்பியக் கோட்டை நகரின் சாயலைக் கொண்டது. உள்ளே சென்றாலோ மிஹ்ராபும் மிம்பரும் நம்மை வரவேற்கின்றன. பள்ளிவாசல் என்றால் இன்ன வடிவில்தான் இருக்க வேண்டும் என்று நம் முன்னோர் நினைக்கவில்லை. கிப்லா ஒன்றை மாற்றாமல், அந்தந்த மண்ணின் கைவினைஞர் அறிந்த வடிவிலேயே கட்டினர். இன்று எல்லா ஊர்களிலும் ஒரே அச்சில் வார்த்த சீமெந்துக் குவிமாடங்கள் எழுவதைக் காணும்போது இது நினைவுக்கு வருகிறது.

துயரத்தின் சுவடுகள்

நம் வரலாறு முழுவதும் இன்பமானதன்று. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அப்போது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் அளித்தான். அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் அவன் குடியமர்த்தியதாகப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவைறோஸ் எழுதியுள்ளார். கரையோரத்தில் துரத்தப்பட்டவர்களை ஒரு பௌத்த மன்னன் வரவேற்றான் என்ற செய்தியை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அயலாரின் பிள்ளைகளும் அறிய வேண்டும்.

காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவர்களில் இன்றும் துப்பாக்கிக் குண்டுகளின் அடையாளங்கள் உள்ளன. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் இஷாத் தொழுகையின்போது அங்கும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். அந்தச் சுவர்களைப் பூசி மறைத்துவிடாமல் ஊரார் வைத்திருப்பது பழி தீர்ப்பதற்காக அன்று. நிகழ்ந்ததை இல்லையென்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோர் வெறுப்பைப் போதிக்காது, ஷஹீத்களுக்காகத் துஆச் செய்யக் கற்பிக்க வேண்டும்.

அதே ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பாங்கொலி பல்லாண்டுகள் ஓய்ந்திருந்தது. புத்தளத்து முகாம்களிற் பிறந்த பிள்ளைகள் தம் பெற்றோரின் பள்ளிவாசலை வாப்பாவின் வாய்ச்சொல்லாக மட்டுமே அறிந்து வளர்ந்தனர். ஹவ்ழின் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தது, முற்றத்தில் எந்த மரம் நின்றது என்று அந்த வாப்பாமார் சொன்னதை எழுதி வைத்தோர் எத்தனை பேர்?

நம் கையால் அழிந்தவை

அந்நியர் செய்ததைப் பேசினோம். இனி நாம் செய்ததைப் பேச வேண்டும். இதை எழுதும் எனக்கும் அதில் பங்கு உண்டு.

எங்கள் ஊர்ப் பழைய பள்ளிவாசலில் பலா மரத்தில் கடைந்த தூண்கள் இருந்தன. வாசல் நிலைக்கு மேலே ஒரு பலகை. அதில் அரபுத் தமிழில் சில வரிகளும் பெயர்களும் செதுக்கப்பட்டிருந்தன. சிறுவனாக இருந்தபோது தராவீஹ் தொழுகையின் இடைவேளையில் அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டு நிற்பேன். வாசித்து விளங்கிக்கொண்டதில்லை. பின்னர் ஜமாஅத் பெருகியது, இடம் போதவில்லை, புதுக் கட்டடம் வேண்டும் என்று தீர்மானித்தோம். அத்தேவை உண்மையானது. அதில் தவறில்லை. ஆனால் தூண்கள் விறகு விலைக்குப் போயின. பலகை எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரியாது. மையவாடி ஓரத்திற் சாய்ந்து கிடந்த மூன்று மீஸான் கற்களை மேசன் பாஸ் அத்திவாரத்துக்குள் இட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். பள்ளியை உடைப்பதற்கான தீர்மானத்திற் கையெழுத்திட்டவர்களுள் நானும் ஒருவன்.

ஆண்டுகள் சில கழிந்தபின், பாடசாலை ஒப்படை ஒன்றுக்காக ஒரு மாணவன் என்னிடம் வந்தான். "நம்மட பள்ளி எத்தனை வருஷப் பழமை, நானா?" என்று கேட்டான். "மிகப் பழையது" என்றேன். "அதற்கு ஆதாரம் எழுத வேண்டும் என்று டீச்சர் சொன்னார்" என்றான். பதில் இல்லை. பள்ளியின் முகப்பிற் பதித்த பளிங்குக் கல்லைப் பார்த்து, நாங்கள் திறப்பு விழா நடத்திய ஆண்டையே தொடக்க ஆண்டாக அவன் எழுதிக் கொண்டு போனான். பல தலைமுறைகளின் வரலாறு என் கண்முன்னே சில ஆண்டுகளாகச் சுருங்கிப் போயிற்று. ஒல்லாந்தத் திசாவையின் வாசற்படியை நினைத்துக்கொண்டேன். அவருக்கு அந்த எழுத்து அந்நியமானது. எங்களுக்கோ அது பாட்டன்மாரின் எழுத்து.

இது பெருமைக்கு நேர்ந்த இழப்பு மாத்திரமன்று. 2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசல் சர்ச்சைக்குள்ளானபோது, அது எவ்வளவு காலமாக அங்கு இருந்து வருகிறது என்பதே முன்னே நின்ற கேள்வியாயிற்று. அத்தகைய கேள்வி எந்த ஊருக்கும் எந்நாளும் வரலாம். அன்று ஆத்திரப்பட்டுப் பயனில்லை. உறுதிப் பத்திரமும், பழைய நிழற்படமும், மீஸான் கல்லுமே நமக்காகப் பேசும்.

இனிச் செய்ய வேண்டியவை

பெற்றோரே! அடுத்த விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். தூரப் பயணம் வேண்டியதில்லை. முதலில் உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் தொடங்குங்கள். புறப்படுமுன் பரிபாலன சபையினரிடம் சொல்லி அனுமதி பெறுங்கள். பெண்பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் எந்நேரம், எப்பகுதியிற் பார்வையிடலாம் என்பதை முன்கூட்டியே கேட்டறியுங்கள். உம்மம்மாவின் நினைவிலுள்ள ஊர் வரலாற்றை நாளைய தலைமுறைக்குக் கொண்டு செல்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

உள்ளே சென்றதும் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு அமைதியாகப் பாருங்கள். தூண் மரமா, கல்லா? சுவர் சுண்ணாம்புச் சாந்தா, சீமெந்தா? மிம்பரில் எழுத்து உண்டா? ஹவ்ழ் எப்போது வெட்டப்பட்டது? வயது முதிர்ந்த முஅத்தினாரிடம் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில், சொன்னவரின் பெயரையும் தேதியையும் இட்டு எழுதுங்கள். மீஸான் கற்களை நிழற்படம் எடுங்கள். எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று அவற்றைச் சுரண்டவோ, சாயம் பூசவோ வேண்டாம். காலையிலும் மாலையிலும் சாய்வாக வெயில் விழும்போது தேய்ந்த எழுத்தும் தானாகத் தெரியும்.

பரிபாலன சபையினரே! இடம் போதாவிட்டால் விரிவாக்குங்கள். பழையதை இடிக்காமல் அதனை அடுத்துக் கட்ட வழியுண்டா என்று முதலில் ஆராயுங்கள். இடிக்கத்தான் வேண்டுமென்றால், அதற்கு முன்னர் ஒவ்வொரு மூலையையும் அளந்து, படமெடுத்து, எழுத்துள்ள கல், பலகை, பழைய கணக்குக் கொப்பி அனைத்தையும் ஓர் அறையில் பாதுகாத்து வையுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முற்பட்ட கட்டடங்களைப் புராதனச் சின்னங்களாகக் கருதுகிறது என்பதை மறவாதீர்கள். உங்கள் பள்ளி அத்தகைய பழமை உடையதாயின், ஒரு கல்லை அசைப்பதற்கு முன்னரே தொல்பொருள் திணைக்களத்தை நாடுங்கள்.

இளைஞர்களே! உங்கள் கையிலுள்ள தொலைபேசி ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் ஆகும். ஊரின் மூத்தவர் ஒருவர் மரணிக்கும்போது அவரோடு ஓர் ஏடும் அடக்கப்படுகிறது. அடுத்த ஜனாஸாவுக்கு முன்னர் ஒருவரிடமாவது சென்று கேளுங்கள். எங்கள் ஊரில் அன்று ஒப்படை எழுத வந்த அந்த மாணவனோடு சேர்ந்து, பலகையின் வரிகளை நினைவில் வைத்திருக்கும் முதியவர்களைத் தேடி நானும் இப்போது வீடு வீடாகச் செல்கிறேன். இரண்டு பெயர்கள் கிடைத்துள்ளன. முழுப் பலகையும் இனித் திரும்பி வராது. ஆனாலும் அந்த இரண்டு பெயர்களையும் சொல்லித் துஆக் கேட்க எங்களால் முடிகிறது.

யா அல்லாஹ்! உன் இல்லங்களைக் கட்டியெழுப்பி, பெயர் தெரியாமலே மறைந்து போன எங்கள் முன்னோரின் நற்செயல்களை ஏற்றுக்கொள்வாயாக! அவர்கள் விட்டுச் சென்றதை அறியாமையால் நாங்கள் அழித்தவற்றுக்காக எங்களை மன்னிப்பாயாக! எஞ்சியிருப்பதைப் பேணிக் காக்கும் அறிவையும் பொறுப்பையும் எங்கள் பிள்ளைகளுக்கு வழங்குவாயாக! ஆமீன்.